சம்மட்டியை எடுக்கும் முன்

(தூத்துக்குடியில் வேன் உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் பட்டறை மேஸ்திரிகளும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரண்டு வேலைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஜாம் ஆகி நிற்கும் சக்கரத்தை விடுவிப்பது ஒன்று. வண்டிக்கு அடியிலிருந்து வரும் சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. இரண்டையும் ஏன் ஒரே மேடையில் வைத்தார்கள் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். வைத்தது சரிதான். இன்று சக்கரத்தைக் கழற்ற விழும் சம்மட்டி அடி, சில மாதம் கழித்து பேரிங் சத்தமாக அதே பட்டறைக்குத் திரும்பி வருகிறது. பழைய வேன்களில் கேட்கும் சத்தங்களில் பாதியாவது தேய்மானத்தால் வந்தவை என்று நான் ஒப்புக்கொள்வேன். மீதியைப் பழுது பார்த்தவர்கள் கையாலேயே உண்டாக்கியிருக்கிறோம். மேஸ்திரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் கிரீஸ் கையோடு சாப்பிட உட்கார்ந்த ஆள்தான்.

எல்லா வண்டிக்கும் பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் தங்காது. ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-இல் உற்பத்தி நின்றது. புதிய விபத்துப் பாதுகாப்பு விதிகளுக்கு அந்த உடல் ஒத்துவரவில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியதும், ஆம்புலன்ஸாக ஓடியதும், மீன் பெட்டியும் கல்யாண வீட்டுப் பாத்திரமும் சுமந்ததும் இந்த வண்டிதான். இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின், அதுவும் முன் சீட்டுக்கு அடியில். எஞ்சின் ஓட்டுவது பின் சக்கரத்தை.

இதன் அடிப்பாகத்தில் இரண்டு காலங்கள் சேர்ந்து நிற்கின்றன. முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்தது, 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் வந்து உலகெங்கும் பரவியது. பின்னால் இருப்பது பிளேட் ஸ்பிரிங். லண்டனில் ஒபடையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்காக நீள்வட்ட பிளேட் ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கியது 1804-இல். ஆக, முன்னால் கேட்கும் சத்தத்துக்கும் பின்னால் கேட்கும் சத்தத்துக்கும் வைத்தியம் வேறு வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் சக்கரம்.

இந்த ஊரில் இரும்பு வைத்திருப்பவனுக்குத் துருவைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு பல மடங்கு கூடுகிறது. சக்கரத்தின் நடு ஓட்டை ஹப்பின் கழுத்தில் உட்காரும் இடத்தில் இருப்பது மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் துரு வளர்ந்தால் போவதற்கு வழி கிடையாது. இரண்டு இரும்பையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உப்புக்காற்று அந்த வேலையை வேகப்படுத்துகிறது. அதைவிட மோசம், மீன் ஏற்றும் வண்டி. ஐஸ் கரைந்து, உப்பும் மீன் நீரும் கலந்து, தரைத் தகட்டின் ஓட்டை வழியாகப் பின் ஆக்ஸில் மேலும் டிரம் மேலும் சொட்டிக்கொண்டே இருக்கும். வண்டி கழுவுகிறவர் உள்ளே கழுவுவார், வெளியே கழுவுவார். அடியில் யார் கழுவுகிறார்கள்? நல்ல தண்ணீரை அடியில் பீய்ச்சி அடித்தாலே பாதிப் பிரச்சினை தள்ளிப்போகும்.

"அண்ணே, வீல் பிடிச்சுக்கிச்சு" என்று ஓட்டுநர் வந்து நிற்கும்போது, அது மூன்றில் ஒன்றாக இருக்கும். நட்டை எல்லாம் கழற்றிய பிறகும் ரிம் ஹப்பை விட்டு வராமல் நிற்பது ஒன்று. சக்கரம் சுற்றாமல் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டாவது. பேரிங்கே இறுகிப்போவது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே சம்மட்டியை எடுக்கும் வழக்கம்தான் நம்மிடம் இருக்கிறது.

ரிம் வராமல் நிற்கும் கதையை முதலில் பார்ப்போம். பஞ்சர் ஆன இடத்தில்தான் இது பெரும்பாலும் தெரியவரும். மழை, இருட்டு, வண்டி ஜாக்கியில் நிற்கிறது, நட்டு நாலும் கையில் இருக்கிறது, சக்கரம் மட்டும் அசையவில்லை. கோபத்தில் ஜாக்கியில் நிற்கும் வண்டியின் சக்கரத்தை எட்டி உதைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். ஆம்னி உயரமான, எடை குறைந்த வண்டி, ஜாக்கி சரிய அதிக நேரம் ஆகாது. பட்டறையிலும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வையுங்கள். ஸ்டாண்டு இல்லாத பட்டறை என்றால் அடியில் போகும் வேலையே அங்கே வேண்டாம்.

சரியான வழி இதற்கு நேர்மாறானது. நட்டுகளைத் திரும்பப் போடுங்கள். கையால் முடுக்கிவிட்டு ஒரு சுற்று தளர்த்தி வையுங்கள். வண்டியைத் தரையில் இறக்குங்கள். இப்போது வண்டியின் எடையே உங்களுக்கு வேலைக்காரன். பக்கவாட்டில் இரண்டு பேர் நின்று வண்டியை அசைத்துக் குலுக்குங்கள். பல நேரம் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும். விடவில்லை என்றால், சமதளத்தில் மட்டும், நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, இரண்டடி முன்னே இரண்டடி பின்னே நகர்த்தி மெதுவாகப் பிரேக் தொடுங்கள். நட்டு ஸ்டட்டில் இருப்பதால் சக்கரம் கழன்று ஓடாது. ஆனால் அப்படியே வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைத்தால் ஸ்டட் நாலும் போய்விடும்.

அதற்கும் மசியவில்லையா? துரு இளக்கும் எண்ணெயை ஹப் கழுத்தைச் சுற்றியும் ஸ்டட் அடியிலும் விட்டு, ஒரு இரவு காத்திருங்கள். அடித்த அஞ்சாவது நிமிடம் "எண்ணெய் வேலை செய்யலை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. எல்லாப் பட்டறையிலும் நீல மஞ்சள் டப்பா ஒன்று இருக்கிறதே, டபிள்யூடி-40, அது 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது. பெயரே தண்ணீரை விலக்கும் நாற்பதாவது கலவை என்பதைக் குறிப்பது. ஏவுகணையின் தகடு துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தார்கள். அது நல்ல சரக்குதான். ஆனால் கிரீஸுக்குப் பதிலாக அதை அடிப்பது தவறு, துருவை இளக்க அதைவிட நன்றாக ஊடுருவும் எண்ணெய்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் பிரேக் டிஸ்கிலோ லைனிங்கிலோ ஒரு சொட்டும் படக் கூடாது.

கடைசியாகத்தான் அடி. வண்டி ஸ்டாண்டில் நிற்க, நட்டு நாலும் ஸ்டட் நுனியில் இருக்க, உள்பக்கத்திலிருந்து டயரின் பக்கச் சுவரில் கனமான மரக்கட்டையை வைத்துத் தட்ட வேண்டும். ஒரு தட்டு, சக்கரத்தைப் பாதி சுற்றித் திருப்பி இன்னொரு தட்டு. ஒரே பக்கம் அடித்தால் ரிம் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். ரிம்மையோ ஹப்பையோ இரும்புச் சம்மட்டியால் நேராக அடிக்கும்போது என்ன நடக்கிறது தெரியுமா? அந்த அதிர்ச்சி பேரிங் குண்டுகள் வழியாகப் போகிறது. குண்டுகள் உட்கார்ந்திருக்கும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முனகல் ஆரம்பிக்கும். ஓனர் டயரை மாற்றுவார், அலைன்மென்ட் பார்ப்பார். பஞ்சர் ஒட்டிய நாளை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

கேஸ் கட்டர் வைத்துச் சூடேற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். டயர் மாட்டிய ரிம்மின் மேலும் அதன் நட்டுகளின் மேலும் நெருப்பு வைக்காதீர்கள். சூட்டில் உள்பக்க ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயு உண்டாகும். டயர் வெடிக்கும். நெருப்பை எடுத்துவிட்டுச் சற்று நேரம் கழித்தும் வெடிக்கலாம். காற்றை இறக்கிவிட்டோம் என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆம்னியில் கேஸில் ஓடும் வண்டிகளும் இருக்கின்றன என்பதைச் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சக்கரம் வந்துவிட்டது. இங்கேதான் பலரும் வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போகிறார்கள். ஹப் கழுத்தையும் ரிம் ஓட்டையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். கழுத்தில் மட்டும் செம்புக் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். ஸ்டட் மரையிலும் நட்டின் கூம்பு முகத்திலும் கிரீஸ் வேண்டாம். அங்கே வழுக்கல் கூடினால், அதே பலத்தில் முடுக்கும்போது ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக முடுக்கி, டார்க் ரென்ச்சில் கம்பெனி சொன்ன அளவில் நிறுத்தி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பாருங்கள். காற்று கன்னை வைத்து 'டர்ர்' என்று முடுக்கிவிட்டு, ரோட்டில் வீல் ஸ்பேனரோடு ஓட்டுநரைத் தொங்கவிடுவது என்ன தொழில் நேர்மை என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்து பிரேக் பிடித்து நிற்கும் சக்கரம். ஐப்பசி மழையில் ஹேண்ட் பிரேக் போட்டுப் பத்துப் பதினைந்து நாள் நிறுத்திய வண்டி. எடுக்கும்போது பின் சக்கரம் உருளாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். உடனே முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டு விட்டு எம்புவார்கள். சில நேரம் விட்டுவிடும். சில நேரம் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பிய்ந்து டிரம்முக்குள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலை ஆகிவிடும்.

எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. மாணவர்கள் எழுதிக்கொள்ளலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்குங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இறக்கியாயிற்று. சக்கரம் சுற்றவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிளின் அட்ஜஸ்டரை முழுவதும் தளர்த்துங்கள். இப்போது சுற்றினால் குற்றவாளி கேபிள். உறைக்குள் தண்ணீர் போய்த் துருப்பிடித்து, லீவரை இறக்கினாலும் அது திரும்பி வருவதில்லை. எண்ணெய் விட்டுச் சமாளிப்பது ஒரு வாரத்துக்குத்தான், கேபிளை மாற்றிவிடுங்கள். தளர்த்தியும் சுற்றவில்லை என்றால், பிரேக் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் டிரம்முக்குள்தான் கோளாறு. ஷூ ஒட்டியிருக்கும், அல்லது வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவில் நிற்கும்.

முன் சக்கரத்திலும் இதே சோதனைதான், ஒரு படி கூடுதல். நிப்பிளைத் திறந்தால் விடுகிறது, மூடி ஒரு முறை பிரேக் மிதித்தால் மறுபடி பிடிக்கிறது என்றால், ரப்பர் ஹோஸின் மேல் முனையில், அதாவது மாஸ்டர் சிலிண்டர் பக்கமுள்ள இரும்புக் குழாய் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் கோளாறு மேலே இருக்கிறது. அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விடுகிறது என்றால், ஹோஸ் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி பளபளக்கும். காலால் மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர வழியிருக்காது. இந்த ஒரு ஹோஸைக் கண்டுபிடிக்காமல் காலிப்பர், பேடு, மாஸ்டர் சிலிண்டர் என்று வரிசையாக மாற்றிப் பில் போட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

டிரம் வரவில்லை என்றால் அதற்கும் முறை இருக்கிறது. முதலில் ஷூ அட்ஜஸ்ட்மென்டைத் தளர்த்துங்கள். பழைய டிரம்மின் உள் விளிம்பில் தேய்மானத்தால் ஒரு வரப்பு இருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு அடித்தாலும் வராது. சுசுகி டிரம்களில் மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் என்று கேட்டால் பலரும் காற்றோட்டத்துக்கு என்கிறார்கள். அதில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி முடுக்கினால், அவை ஹப்பைத் தள்ளி டிரம் தானாக வெளியே வரும். அதற்காகவே வைத்தது. துரு அடைத்திருக்கும், மரையைச் சுத்தம் செய்துவிட்டுப் போடுங்கள். டிரம் வார்ப்பிரும்பு, விளிம்பில் அடித்தால் உடையும். தட்டுவதென்றால் ஸ்டட்டுகளுக்கு நடுவே தட்டுங்கள். திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. சிலிண்டர் உள்ளிருந்தே துருப்பிடிப்பது அதனால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். எஞ்சின் ஆயிலுக்குக் கணக்கு வைக்கும் ஓட்டுநர்கள் பிரேக் ஆயிலுக்கு வைப்பதில்லை.

மூன்றாவதான பேரிங் ஜாம் அரிது, திடீரென்று வராது. சத்தம், சூடு, பிறகு ஆட்டம் என்று நாள் கொடுத்துவிட்டுத்தான் வரும். ஓடி வந்து நிறுத்தியதும் நாலு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தகித்தால் பேரிங், அல்லது பிரேக் உரசல். இப்படியே சத்தத்துக்கு வந்துவிட்டோம்.

ஆம்னியில் சத்தம் கண்டுபிடிப்பது காரைவிடக் கடினம். ஓட்டுநர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார், எஞ்சினும் அங்கேதான் இருக்கிறது. அதனால் முன்னால் பிறக்கும் எந்தச் சத்தமும் சீட்டுக்கு அடியிலிருந்து வருவதாகவே தோன்றும். பின்னால் வெறும் தகட்டுப் பெட்டி, காலிக்குடம் மாதிரி எந்தச் சின்னத் தட்டலையும் பெரிதாக்கிக் காட்டும். இரும்பு வழியாகச் சத்தம் நடக்கும். இடது பின் ஸ்பிரிங்கின் சாக்கிளில் பிறந்தது வலது கதவில் கேட்கும். காதை மட்டும் நம்பிப் பாகத்தை மாற்றினால் பணம்தான் போகும்.

ஆகவே முதல் வேலை, வண்டியைக் காலி செய்வது. ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி, தண்ணீர் கேன், பின் சீட்டு எல்லாவற்றையும் இறக்குங்கள். ஸ்லைடிங் கதவின் உருளையும் தண்டவாளமும் ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். சைலன்சர் கிளாம்பை ஆட்டிப் பாருங்கள். சஸ்பென்ஷன் சத்தம் என்று வந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் ஜாக்கி உருண்டுகொண்டிருந்ததை இங்கே உள்ள மேஸ்திரிகள் எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள்.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம், எப்படி இருக்கிறது என்பது அதற்குப் பிறகு. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதா, இரண்டும் சேர்ந்து வேகத்தடை ஏறும்போதா? ஏறும்போதா, இறங்கும்போதா? ஸ்டியரிங் ஒடிக்கும்போது மட்டுமா? காலால் பிரேக்கை லேசாகத் தொட்டதும் கடகடப்பு நின்றுவிட்டால், பேடோ காலிப்பரோ ஆடுகிறது. அதற்காக ஸ்ட்ரட்டை இறக்க வேண்டியதில்லை. வண்டி கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் ஒரே ஒரு 'டக்' வருகிறதா, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைப் பாருங்கள், பின் ஸ்பிரிங்கின் யூ போல்ட்டையும் பாருங்கள். வேகத்தோடு ஏறும் முனகல், வலப்பக்கம் ஒடிக்கும்போது கூடினால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. முனகல் வளைவில் மாறாமல் ரோட்டுக்கு ரோடு மட்டும் மாறினால் அது டயர்.

நின்ற இடத்தில் செய்யும் சோதனைகளில் நான் அதிகம் நம்புவது கையைத்தான். ஒருவர் வண்டியின் மூலையை அழுத்தி விட்டுக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் கையை ஒவ்வொரு இணைப்பின் மேலும் வைத்துப் பார்க்கட்டும். சத்தம் பிறக்கும் இடத்தில் விரலில் ஒரு குத்தல் தெரியும், பக்கத்து இணைப்பில் அது வெறும் அதிர்வாகத்தான் தெரியும். விரல் நசுங்கும் இடங்களில் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். 1816-இல் பாரிஸ் மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் வந்தது. மெக்கானிக்குகளுக்கென்றும் ஒரு ஸ்டெதஸ்கோப் விற்கிறார்கள், விலை அதிகமில்லை.

முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உடனே பேரிங் என்று முடிவு கட்டாதீர்கள். உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயின்ட், அல்லது ஸ்ட்ரட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் வந்தால் டை ராட் பக்கம் போங்கள். வண்டி நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்ப, ஸ்ட்ரட்டின் மேல் முனை 'டொய்ங்' என்று துள்ளினால் மேலே உள்ள மவுண்டும் அதன் பேரிங்கும் போய்விட்டன.

பின்பக்கம் 1804-ஆம் ஆண்டுச் சமாச்சாரம், அதன் சத்தங்களும் எளியவை. 'கிறீச் கிறீச்' என்றால் பிளேட்டும் பிளேட்டும் வறண்டு உரசுகின்றன, அல்லது ரப்பர் புஷ் காய்ந்துவிட்டது. இரண்டையும் பிரிக்க ஒரு பாட்டிலில் தண்ணீர் போதும். ஒரே ஒரு புஷ்ஷில் தண்ணீரைப் பீய்ச்சி வண்டியை அழுத்துங்கள். சத்தம் நின்றால் அதுதான். நிற்கவில்லை என்றால் அடுத்த புஷ். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. மழை நாளில் சத்தம் போய்விடுகிறது என்று ஓட்டுநர் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிட்டது. நம் ஊரில் இதற்கு டீசலும் கழிவு ஆயிலும் தெளிப்பார்கள். அன்றைக்குச் சத்தம் அடங்கும். ஆனால் ரப்பர் அதில் ஊறிக் கூழாகும், பிறகு இரும்பும் இரும்பும் இடிக்கும்.

'டம்' என்று இடித்தால் ஷாக் அப்சார்பரின் கீழ்ப் புஷ், சாக்கிள் பின், யூ போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்தால், ஆக்ஸில் இடம் மாறி வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகும். அது சத்தப் பிரச்சினை மட்டுமல்ல, அப்படியே ஓட்டுவது ஆபத்து. ஸ்பிரிங் வேலை செய்த பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டும். பிளேட்டுகள் உட்கார்ந்ததும் அது தளர்ந்துவிடும்.

கண்ணுக்கும் வேலை உண்டு. ஆடும் போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி கசிந்திருக்கும், அல்லது இரும்பு தேய்ந்து பளிச்சென்று ஒரு வட்டம் தெரியும். ஆடாத போல்ட்டில் துரு இருக்கும், பொடி இருக்காது. சந்தேகமான போல்ட்டின் தலையிலிருந்து சட்டம் வரை பெயின்டால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு முறிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. இதனால்தான் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும் முன் அடிப்பாகம் முழுவதும் கறுப்பு பெயின்ட் அடிக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. விரிசலும் பொடியும் கோடும் அதில் மறைந்துவிடும். முதலில் சோதியுங்கள், பெயின்டைப் பிறகு அடியுங்கள்.

பழுது பார்க்கும் கை உண்டாக்கும் சத்தம் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு மிகச் சரியான உதாரணம் ரப்பர் புஷ். சக்கரம் அந்தரத்தில் தொங்க, புது புஷ் போட்டு, போல்ட்டை முழு பலத்தில் முடுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்கிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே வருகிறது, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. நின்றாலும் ஓடினாலும் அது முறுக்கியபடியேதான் இருக்கும். சீக்கிரமே கிழிந்து சத்தம் திரும்பி வரும். "டூப்ளிகேட் சாமான்" என்று பழி உதிரிபாகக் கடைமேல் விழும். போலிச் சாமான் சந்தையில் நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நல்ல சாமானையும் இப்படிப் போட்டால் நிற்காது. போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி, வண்டியைச் சக்கரத்தின் மேல் நிறுத்தி, இரண்டு முறை அழுத்தி விட்டு, அதன் பிறகே முழுவதும் முடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். குழி இல்லாத பட்டறையில் இது சிரமம் என்பது எனக்குத் தெரியும், ரேம்ப் மேல் ஏற்றியாவது செய்யுங்கள்.

ஓனர்களுக்கு ஒரு வேண்டுகோள். "சத்தம் வருது, என்னென்ன போடணுமோ போட்டுடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எந்த ரோட்டில், எந்த வேகத்தில், எத்தனை ஆள் ஏற்றியிருக்கும்போது வருகிறது என்று மெக்கானிக்கை உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். கண்டுபிடிக்க ஆகும் நேரத்துக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். நாம் சாமானுக்குக் காசு கொடுக்கிறோம், யோசித்ததற்குக் கொடுப்பதில்லை. அப்புறம் அவர் சாமானைத்தான் மாற்றுவார்.

மழைக்காலம் வருகிறது. வண்டியைச் சில நாள் நிறுத்தி வைப்பவர்கள், சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போங்கள். வாரத்துக்கு ஒரு முறை பத்தடியாவது நகர்த்தி வையுங்கள். நிறுத்துவதற்கு முந்தின நாள் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை மிதித்துக் காயவையுங்கள். மற்றதெல்லாம் கேள்வி நேரத்தில் பேசலாம். வெளியே நிற்கும் வண்டிகளில் எதற்காவது சத்தம் இருந்தால், சாவியோடு வாருங்கள்.